பழைய கிடங்கின் மேல் மர மாடி: வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

கேள்வி: எங்கள் தாத்தா 1950களின் கடைசியில் கட்டிய பஞ்சுக் கிடங்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் கொண்ட கட்டடம்; தரைத்தளமும் ஒரு மாடியும் உண்டு. ஆலை நின்று வெகுகாலமாகிவிட்டது. மொட்டைமாடியில் என் மகளின் வடிவமைப்பு நிறுவனத்துக்கு 25 பேர் அமரும் அலுவலகத்தை மரத்திலேயே கட்டலாம் என்கிறார் ஒரு கட்டடக்கலைஞர். கான்கிரீட்டின் மேல் மரத்தை ஏற்றுவது எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. இது சரிப்படுமா, ஐயா?
(வாசகர், கோவை)

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2500 கிலோ எடையுள்ளது. பலகைகளை ஓர் அடுக்கு நீளவாட்டிலும் அடுத்த அடுக்கு குறுக்குவாட்டிலும் வைத்து, பசையிட்டு அழுத்திச் செய்யும் மரப்பாளம் அதே அளவுக்கு 500 கிலோதான். ஆகவே ஆறு அங்குலத் தளம் கான்கிரீட்டில் சதுர அடிக்கு 35 கிலோ என்றால், மரப்பாளத்தில் 7 கிலோ. சுவரில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஒன்பது அங்குலச் செங்கற்சுவரைப் பத்தடி உயரத்துக்கு எழுப்பினால் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 400 கிலோவுக்கு மேல் கீழே இறங்கும். மரச்சட்டத்தின் இருபுறமும் பலகை அடித்த சுவர் அதில் எட்டில் ஒரு பங்குகூட வராது. அறுபது வயதைக் கடந்த தூண்களின் தலையில் ஏற்றுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், கனமானது கீழேயும் லேசானது மேலேயும் இருப்பதே முறை என்பது விளங்கும்.

தங்களுக்குச் சாதகமான வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. முதலாவது, தங்கள் மொட்டைமாடியின் மேல் இப்போதே ஒரு சுமை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நான்கு அங்குல கனத்துக்கு அடித்து, மேலே தட்டை ஓடுகளைப் பதித்திருப்பார்கள். அது சதுர அடிக்கு 20 கிலோ அளவுக்கு வரும். அதைப் பெயர்த்து இறக்கினால், மரத்தளமும் அதன் மேலுள்ள கூரையும் சேர்ந்து ஏறும் எடையில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. பெயர்த்த அன்றிலிருந்து புதிய கூரை ஏறும்வரை கீழே ஒழுகாமல் காப்பது தனி வேலை. ஆகவே மழைக்காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். இரண்டாவது, கிடங்குத் தளத்துக்கு நம் தர விதிகள் கேட்கும் சுமை, அலுவலகத் தளத்துக்குக் கேட்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. முதல் மாடியில் இனிப் பஞ்சுப் பேல்கள் அடுக்கப்போவதில்லை என்றால், அந்தச் சுமைக்காகப் போட்ட தூண்களிலும் அஸ்திவாரத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் அந்த மிச்சம் தூணில்தான் இருக்கும், மொட்டைமாடித் தளத்தில் இருக்காது. யாரும் குடியேறாத கூரை என்று கணக்கிட்டே அந்தத் தளத்தை மெல்லியதாக வார்த்திருப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டடத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மேலே லேசான கொட்டகைதானே என்று நினைத்த ஒப்பந்ததாரர், இரும்புக் கால்களைத் தளத்தின் நட்டநடுவில் தகடு வைத்துப் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தார். கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி நான்கு திசையிலும் விரிசல் ஓடியிருந்தது. கொட்டகை லேசானதுதான்; இறங்கிய இடம் தப்பு. ஆகவே தங்கள் மர மாடியின் ஒவ்வொரு காலும் பழைய தூணின் நேர் மேலே நிற்க வேண்டும். தூணுக்குத் தூண் இரும்பு உத்திரம் போட்டு, பழைய தளத்தைத் தொடாமல் ஓரடி உயர்த்தி, அதன் மேல் மரத்தளத்தை அமைப்பதே நல்ல முறை. நடுவிலுள்ள இடைவெளியில் குழாயும் மின்கம்பியும் ஓடும், காற்றும் ஓடும், கீழ்மாடியின் வெக்கையும் குறையும்.

கோவையில் நில அதிர்வு ஏது என்று கேட்பவர்களுக்காக ஒன்று: 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று இந்தப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கிறது. அதிர்வின்போது கட்டடத்தை அசைக்கும் விசை அதன் எடையைப் பொறுத்தது. அந்த எடை உச்சியில் இருந்தால் பாதிப்பு கூடும். மரத்தின் லேசுத்தன்மை அங்கேயும் உதவுகிறது.

கேள்வி: எங்களிடமும் அதே போன்ற கட்டடம் இருக்கிறது; வரைபடம் ஒன்றும் இல்லை. எங்கள் மேஸ்திரி தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்கிறார். அதை நம்பலாமா?
(வாசகர், ராஜபாளையம்)

பதில்: மேஸ்திரியின் சுத்தியலை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்லன். தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து மேற்பூச்சு விலகியிருக்கிறது என்று பொருள். எந்தக் கருவியும் அதை அவ்வளவு சுருக்காகச் சொல்லாது. ஆனால் "கல்லு மாதிரி" என்பது மேல்தோலைப் பற்றிய செய்தி மட்டுமே.

நான் முதலில் கேட்பது மிக எளிய ஒரு சோதனையை. தூணின் ஓரத்தில் உள்ளங்கை அளவு கான்கிரீட்டைக் கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த அதே கரைசல்தான். ஆரோக்கியமான கான்கிரீட் உடனே ரோஜா நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாக ஊடுருவிக் காரத்தன்மையைத் தின்றுவிட்ட பகுதி மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றுவிடும். வெளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நிறம் மாறாமல் இருக்கிறது என்று அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். சாம்பல் எல்லை கம்பியைத் தாண்டிவிட்டிருந்தால், ஈரம் பட்டவுடன் துரு பிடிக்கக் கம்பி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தூணுக்கு முதலில் வைத்தியம். மாடியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அதன்பின் கம்பியின் இடத்தையும் தடிமனையும் கருவியால் கண்டறிவது, ஒலியலைச் சோதனை, சில இடங்களில் உருளை மாதிரி துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பது ஆகியவை வரும். அந்தக் காலத்துக் கம்பி முறுக்குக் கம்பி அன்று, வழவழப்பான உருண்டைக் கம்பி. அதன் பலத்தை இன்றைய கம்பியின் கணக்கில் போட்டுவிடக் கூடாது. அஸ்திவாரத்தைக் காகிதத்தில் ஊகிக்காமல், இரண்டு தூண்களின் பக்கத்திலாவது குழி தோண்டிக் கண்ணால் பார்க்க வேண்டும். கரிசல் மண்ணாக இருந்தால் இது மிக முக்கியம். கோடையில் சுருங்கி மழையில் உப்பும் மண்ணின் மேல் கூடுதல் எடையை வைக்கிறோம். ஏதாவது ஒரு தளத்தின் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் சுமைச் சோதனை இருக்கிறது. கணக்கிட்ட பயன்பாட்டுச் சுமையைப் போல் ஒன்றேகால் மடங்கை மணல் மூட்டையாகவோ தண்ணீராகவோ 24 மணி நேரம் ஏற்றி வைத்து, தளம் எவ்வளவு தொய்ந்தது என்றும், இறக்கிய பின் 24 மணி நேரத்துக்குள் முக்கால் பங்காவது மீண்டதா என்றும் பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, மர மாடியின் செலவில் சிறு பகுதிதான்.

கேள்வி: நான் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வசிக்கிறேன். இங்கே பழைய சுல்சர் தொழிற்சாலைப் பகுதியில், ஒரு பழைய மண்டபத்தின் மேல் செந்நிறத் தகடு போர்த்திய மூன்று மாடிகளை ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே மரமும் வைக்கோலும் என்று சொல்லுகினம். வைக்கோலில் மாடி கட்டுவது உண்மையா?
(வாசகர், விண்டர்தூர்)

பதில்: உண்மைதான். தாங்கள் பார்த்த கட்டடத்துக்குக் கே.118 என்று பெயர். பாசல் நகரைச் சேர்ந்த பாவ்பியூரோ இன் சிட்டு என்ற கட்டடக்கலை அலுவலகம் வடிவமைத்து 2021இல் முடித்தது. அதில் வைக்கோல் சுமை தாங்குவதில்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே வைக்கோலை இறுக்கி அடைத்து, உட்புறம் களிமண் பூசியிருக்கிறார்கள். குளிரைத் தடுப்பதே வைக்கோலின் வேலை. சுமையைத் தாங்குவது இரும்புச் சட்டகம். அந்த இரும்பும் புதியதல்ல. பாசலில் இடிக்கப்பட்ட ஒரு சரக்கு விநியோக மையத்திலிருந்து கழற்றி வந்தது. வெளியே தெரியும் இரும்புப் படிக்கட்டு ஜூரிச்சில் இடிக்கப்பட்ட ஓர் அலுவலகக் கட்டடத்தினுடையது. தாங்கள் சொல்லும் செந்நிறத் தகடோ, தங்கள் ஊரிலேயே இருந்த ஓர் அச்சகத்தின் மேல் முன்பு இருந்தது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் படிக்கட்டுதான். வழக்கமாக மாடியின் உயரத்தை முடிவு செய்துவிட்டு அதற்கேற்பப் படி செய்வோம். அங்கே படி முன்னரே கையில் இருந்ததால், அதன் உயரத்துக்கு மாடிகளை அமைத்தார்கள். நம் ஊரில் பழைய வீட்டுத் தூணையும் கதவையும் காரைக்குடிக் கடைகளில் வாங்கி வந்து, கதவின் அளவுக்குச் சுவரில் வழி விடுகிறோம் அல்லவா, அதே புத்திதான்.

முழுக்க மரத்திலேயே ஏற்றியவையும் உண்டு. மெல்போர்னில் சவுத்பேங்க் புலவார் 55 என்ற முகவரியில், ஏற்கெனவே இருந்த கான்கிரீட் கட்டடத்தின் மேல் 10 மாடிகளை மரப்பாளத்தால் எழுப்பி 2020இல் ஓட்டலாகத் திறந்தார்கள்; கான்கிரீட்டில் ஏற்றியிருந்தால் 6 மாடிகளோடு நிறுத்த வேண்டியிருந்திருக்கும். வாஷிங்டனில் 2001இல் கட்டிய ஏழு மாடி அலுவலகத்தின் மேல் மூன்று மர மாடிகளை 2022இல் முடித்தார்கள். இரண்டும் ஆலைக் கட்டடங்கள் அல்ல, கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: அரசே கட்டடங்களில் மரத்தைத் தடை செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தடையில்லை என்றாலும் நம் ஊர்க் கரையானுக்கு யார் பதில் சொல்வது? பழைய ஆலைகளை இடித்த தேக்கு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: மத்தியப் பொதுப்பணித் துறை தன் பணிகளில் மரத்துக்கு 1993இல் தடை விதித்தது, 2020இல் அதை நீக்கியும்விட்டது. தனியார் கட்டடங்களை அந்தத் தடை என்றுமே கட்டுப்படுத்தவில்லை.

கரையானைப் பற்றிய தங்கள் பயம் நியாயமானது. மொட்டைமாடிக்குக் கரையான் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணிலிருந்து புறப்படும் கரையான் சுவர் வெடிப்புக்குள்ளும் குழாய்ப் பாதையிலும் மண்கூடு கட்டிக்கொண்டு எத்தனை மாடியும் ஏறும். அது வருவதைத் தடுப்பதைவிட, வந்தால் கண்ணில் படும்படி செய்வது எளிது. மரத்தூணைத் தளத்தில் நேரே ஊன்றாமல், இரண்டு அங்குலம் உயர்ந்த இரும்புக் காலணியில் நிறுத்துங்கள். மண்கூடு அந்த இரும்பின் மேல் திறந்தவெளியில்தான் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை விளக்குமாற்றோடு சுற்றி வருகிறவர் கண்ணுக்கு அது தப்பாது. தூணின் அடி தண்ணீரில் நிற்காதிருப்பதற்கும் அதே காலணி உதவுகிறது. மரத்துக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி ஈரம்தான், குறிப்பாக அறுபட்ட முனைகள் குடிக்கும் ஈரம். முனைகளை அடைத்துப் பூசுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தில் கூரையை மூன்றடியாவது வெளியே இழுத்து விடுங்கள். உட்புறச் சட்டங்களுக்குப் போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசல் போதும். மழை படும் இடத்தில் அது கரைந்து போய்விடும் என்பதால், அங்கே அழுத்தத்தில் மருந்தேற்றிய மரமே வேண்டும்.

பழைய தேக்கு வாங்கலாம். வைரம் பாய்ந்த பழைய பர்மா தேக்குக்கு இணையான புது மரம் இன்று சுலபத்தில் கிடைக்காது. ஆனால் கன அடிக் கணக்கில் விலை பேசும்போது, சுவருக்குள் இருந்த இரு முனைகளிலும் ஓரடி ஓரடி வெட்டி எறிய நேரும் என்று கழித்துக்கொண்டு பேசுங்கள். அங்கேதான் உளுத்திருக்கும். ஓரத்தில் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், ஒட்டியிருந்தால் அதையும் செதுக்கிவிட வேண்டும். பழைய போல்ட் துளைகள் உத்திரத்தின் அடிப்பக்க நடுவில் அமைந்த துண்டுகளைச் சுமை தாங்கும் இடத்தில் போடாமல், படிக்கும் கைப்பிடிக்கும் ஒதுக்குங்கள். ஈரப்பதமானி வைத்துப் பார்த்து, 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக் கட்டடத்தின் மேல் மர அலுவலகம் கட்ட ஆசை. கீழே துணியும் நூலும், மேலே மரம். தீப்பிடித்தால்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: மரம் எரியும், ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி எரியாது. தடித்த உத்திரத்தில் தீப் பிடித்தால் மேற்பகுதி கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. கரி உள்ளே போகும் வேகம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குள். ஆகவே ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால், கணக்குக்குத் தேவையான அளவுக்கு மேல் தீப்படும் ஒவ்வொரு பக்கமும் நான்கு, நாலரை சென்டிமீட்டர் கூட்டிப் போடுகிறோம். மறைப்பில்லாத இரும்போ 550 டிகிரியை ஒட்டியே பாதிப் பலத்தை இழந்துவிடும். எனவே இணைப்புத் தகடுகளை வெளியே தெரியவிடாமல் மரத்துக்குள் புதைப்பது அவசியம். உத்திரம் நிற்கும்போதே இணைப்பு சரிந்து மாடி இறங்குவதுண்டு.

இது உத்திரத்தின் கதை. மெல்லிய ஒட்டுப்பலகைத் தடுப்பு, மூங்கில் தட்டி, துணி விதானம் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் நடந்தது நினைவிருக்கும். பழைய ஆலை வளாகம், கூரைமேல் கேளிக்கை விடுதி, மூங்கிலும் துணியுமான மறைப்பு. 14 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கழிப்பறைக்குள் ஒதுங்கி மூச்சுத்திணறி இறந்தவர்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்க ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த இரண்டு படிக்கட்டுகள் தங்கள் கட்டடத்தில் இல்லையென்றால், என் பதில் வேண்டாம் என்பதே. அந்த இரண்டில் ஒன்றாவது துணிக்கிடங்கு வழியாகப் போகாமல் நேரே தெருவுக்கு இறங்க வேண்டும். கீழே பின்னல் இயந்திரங்கள் ஓடினால் அதிர்வும் மேலே தெரியும். லேசான தளத்தில் அது கூடுதலாகவே தெரியும். இயந்திரங்களுக்கு அடியில் ரப்பர் திண்டு போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: சென்னை வடபகுதியில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கிடங்கு இருக்கிறது. அதன் மேல் லேசாக ஒரு மர அறை போடலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: அந்தக் கூரையின் மேல் எதையும் வைக்காதீர்கள். அங்கே தூண்கள் இல்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. கட்டை முனைகள் சுவருக்குள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது திறந்தால்தான் தெரியும். கட்டாயம் வேண்டுமென்றால், சுவருக்கு வெளியே புது அஸ்திவாரத்திலிருந்து இரும்புத் தூண்களை எழுப்பி, பழைய கட்டடத்தைத் தொடாமல் அதன் மேலாக மர மாடியைத் தாண்டவிட வேண்டும், செலவு அதற்கேற்ப.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று என்று வந்துவிட்டால் லேசாக இருப்பதே ஆபத்து. சென்னைக்கு நம் தர விதிகள் கணக்கில் கொள்ளும் காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கு 39 மீட்டர். 50 மீட்டர் வேகக் காற்று சதுர அடிக்கு 14 கிலோ அளவுக்கு அழுத்தம் தரும். கூரையின் விளிம்புகளில் அது மேல்நோக்கி இழுக்கும். தகடு போட்ட மரக்கூரை முழுவதுமே சதுர அடிக்கு ஐந்து கிலோதான் இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது பறந்த கூரைகளில் பல இப்படி ஆணியடித்து மட்டும் நிறுத்தியவையே. கைமரத்திலிருந்து பழைய தூண் வரை இடைவிடாமல் இரும்புப் பட்டையும் போல்ட்டும் தொடர்ந்து இறங்க வேண்டும்.

கேள்வி: மரம்தானே, தற்காலிகக் கொட்டகை என்று சொல்லி அனுமதியில்லாமல் கட்டலாம் என்கிறார்களே?
(வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இன் கீழ் எதனால் கட்டினாலும் மாடி மாடிதான். தளப்பரப்புக் குறியீட்டிலும் (மனையின் பரப்புக்கு மொத்தம் எவ்வளவு தளம் கட்டலாம் என்ற கணக்கு) வாகன நிறுத்தத்திலும் அது சேரும். கிடங்கை அலுவலகமாக்குவது பயன்பாட்டு மாற்றம்; அதற்கும் தனியே அனுமதி வேண்டும்.

கேள்வி: எங்களுடையது ரம்பப் பல் போன்ற கூரையுள்ள பழைய நெசவுக்கூடம். அதன் மேல் மர மாடி ஏற்ற முடியுமா?
(வாசகி, கோவை)

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்த பிறகு கோவையில் பெருகிய ஆலைகளில் இந்தக் கூரை நிறைய உண்டு. சாய்ந்த ஒவ்வொரு பல்லின் செங்குத்து முகத்திலும் கண்ணாடி இருக்கும். அது வடக்கு நோக்கியிருப்பதால், வெயில் உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் நாள் முழுவதும் ஒரே சீராக இறங்கும். தறியில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்க அந்த வெளிச்சம் தேவைப்பட்டது. கணினித் திரை முன் அமர்பவருக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அதை மூடி மேலே ஏறுவதற்குப் பதிலாக, கூடத்தின் உள்ளேயே தனி அஸ்திவாரத்தில் கால்கள் ஊன்றி, கூரையையும் சுவரையும் தொடாமல், தரையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மரத்தில் ஓர் இடைத்தளம் அமையுங்கள். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். உயரம் பதினாறு அடியாவது இருந்தால் மேலும் கீழும் தலை இடிக்காது. முதல் வேலையாக அந்தக் கண்ணாடிகளைக் கழுவுங்கள். பெரும்பாலான ஆலைகளில் அவற்றின் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்த பிறகு எத்தனை விளக்கு வேண்டும் என்று கணக்கிட்டால் போதும்.